பொனேரில் ஸ்கூபா டைவ் அடிக்கும்போது வண்டியை என்ன செய்வது? பூட்டுவதா, திறந்து விடுவதா, வண்டியே வேண்டாமா?

பொனேருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொல்லும் நண்பர்கள் எல்லோரும் ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அங்கே தண்ணிக்குள்ள இறங்கின நேரம் பார்த்து வண்டியில இருக்கிறதை எடுத்துட்டுப் போயிடுவாங்களாமே, நிஜமா?" நிஜம்தான். பெரும்பாலும் ஆளை மிரட்டிப் பறிக்கிற வழிப்பறி இல்லை. ஆள் இல்லாத நேரத்தில் நடக்கும் சில்லறைத் திருட்டு. நானும் என் மனைவியும் ஹூஸ்டனிலிருந்து மூன்று முறை போய் வந்திருக்கிறோம். முதல் முறை எங்களுக்கே நடந்தது, அடுத்த இரண்டு முறை நடக்கவில்லை. இதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் நாம் எதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது, யாருக்கு எது சரிப்படும் என்று தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பொனேர் கரீபியன் கடலின் தெற்கு ஓரத்தில், வெனிசுவேலாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் 288 சதுர கிலோமீட்டர் தீவு. 2010 அக்டோபரிலிருந்து நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி, 2011 முதல் செல்லுபடியாகும் பணம் அமெரிக்க டாலர். 1979-லேயே சுற்றியுள்ள கடலைப் பூங்காவாக்கிப் பாதுகாத்துவிட்டார்கள், அதனால் பவளப்பாறை கரையிலிருந்து சில நிமிட நீச்சலிலேயே தொடங்கி, பத்து மீட்டர் ஆழத்திலிருந்து சரிவாக முப்பதுக்கும் கீழே இறங்குகிறது. மேற்குக் கரை முழுக்கக் காற்று மறைவு, அலை குறைவு. சாலையோரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லில் இடத்தின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள், அப்படிக் கரையிலிருந்தே இறங்கும் இடங்கள் மட்டும் அறுபதுக்கு மேல். ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடு, பின்னால் நாலு காற்றுச் சிலிண்டரை ஏற்று, பிடித்த மஞ்சள் கல் வந்ததும் நிறுத்து, மாட்டிக்கொண்டு கடலுக்குள் நட. படகுக்காரர் கூப்பிடும் நேரம் என்று ஒன்று கிடையாது, பத்துப் பேர் கூட்டம் கிடையாது, பிடித்த மீனைப் பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் இருபது நிமிடம் நின்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள். இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம்.

திருடனுக்கு வசதியாக இருப்பதும் இதே சுதந்திரம்தான். மஞ்சள் கல் பக்கத்தில் சிலிண்டர் ஏற்றிய வண்டி நின்றால், அதன் சொந்தக்காரர்கள் தண்ணீருக்குள் இருக்கிறார்கள், முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து வரமாட்டார்கள் என்று அந்த வண்டியே சொல்லிவிடுகிறது. போதாததற்கு, நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று கடல் மேல் எழும் குமிழிகள் காட்டிக்கொடுக்கும். தெற்கே உப்பளங்களைத் தாண்டினால் வீடு கிடையாது, கடை கிடையாது, ஒரு பக்கம் குட்டைப் புதர், ஒரு பக்கம் கடல், நடுவில் ஒற்றைச் சாலை. வடக்கே ஆயிரம் படி என்று பெயர் வைத்திருக்கும் இடத்தில் (எண்ணிப் பார்த்தால் எழுபது கூட வராது, சிலிண்டரோடு ஏறும்போது பெயர் சரிதான் என்று தோன்றும்) வண்டி மேலே சாலையில், நாம் கீழே கடலில், கரைக்கு வந்தாலும் வண்டி கண்ணில் படாது. திருடுபவருக்குத் தேவை இரண்டு நிமிடம். மூச்சுவிடும் ரெகுலேட்டரும் காலில் மாட்டும் ஃபின்னும் நம் உடம்பில் இருக்கின்றன, 15 கிலோவுக்கு மேல் கனக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வது? அவர்கள் தேடுவது ரொக்கம், போன், கார்டு, கூலிங் கிளாஸ், கேமரா. சில சமயம் நல்ல செருப்பு.

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி, பூட்டுவது. நாங்களும் அதைத்தான் செய்தோம். வண்டி கொடுத்தவர், பூட்டாதீர்கள், கண்ணாடியை இறக்கியே விடுங்கள், உள்ளே ஒன்றும் வைக்காதீர்கள் என்று தெளிவாகச் சொன்னார். சரி சரி என்று தலையாட்டினோம், ஆனால் பூட்டாமல் வண்டியை விட்டுப் போவது என்பது நம் கைக்கே வராத பழக்கம். மூன்றாம் நாள் தெற்கே ஒரு இடத்தில் பையை இருக்கைக்கு அடியில் தள்ளி, மேலே துண்டைப் போட்டு மூடி, நாலு கதவையும் பூட்டிவிட்டு இறங்கினோம். ஐம்பது நிமிடம் கழித்து ஏறி வந்தால் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி இல்லை. துண்டு மட்டும் நாங்கள் போட்ட மாதிரியே, சற்று விலகி, இருக்கை மேல் கிடந்தது. நான் குனிந்து கீழே பார்த்தேன். எங்கள் கண்ணாடித் துகள்கள் வெயிலில் பளிச்சென்று கூர்மையாகக் கிடந்தன. அவற்றுக்கு இடையில் வேறு துகள்களும் இருந்தன. டயர் ஏறி ஏறி முனை மழுங்கி, உப்புக் காற்றில் மங்கி, பவளச் சல்லியோடு சல்லியாகக் கலந்துபோன பழைய துகள்கள். அதே இடத்தில் எங்களுக்கு முன்னால் யாரோ நிறுத்திப் பூட்டியிருக்கிறார்கள்.

போனது என் போனும், மனைவியின் கூலிங் கிளாஸும், கொஞ்சம் டாலரும். அதைவிட வலித்தது அதற்குப் பிறகு நடந்தது. போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்க அரை நாள் (காப்பீட்டில் கேட்க அந்தக் காகிதம் கட்டாயம் வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்), வண்டி மாற்ற இன்னொரு அரை நாள், கார்டுகளை நிறுத்த இரவு முழுக்க ஓட்டல் போனில். ஏழு நாள் விடுமுறையில் ஒன்றரை நாள் போயிற்று. அப்புறம்தான் வாடகை ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படித்தேன். விபத்துக்கு ஈடு உண்டு, கண்ணாடிக்கும் டயருக்கும் இல்லை, உள்ளே வைத்த நம் பொருளுக்கு அறவே இல்லை. பல ஒப்பந்தங்கள் இப்படித்தான் இருக்கும், கையெழுத்துப் போடும் முன் அந்த மூன்று வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். டைவர்களுக்கான காப்பீடு எடுத்திருக்கிறோமே என்பவர்களுக்கும் சொல்கிறேன், அது முக்கியமாக உடம்புக்கு ஏதாவது ஆனால் கைகொடுப்பது. போனுக்கும் பணத்துக்கும் பயணக் காப்பீடு தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆகவே பூட்டுவதைப் பற்றி என் முடிவு: ஊருக்குள், கிராலென்டைக் கடைத்தெருவில் பத்து நிமிடம் நிறுத்தும்போது பூட்டுங்கள். டைவ் இடத்தில் பூட்டினால் அது உள்ளே என்னவோ இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். வண்டிக் கண்ணாடியை ஒரு கல் தாங்காது. பூட்டு காப்பாற்றுவது ஒன்றுமில்லை, நஷ்டத்தில் ஒரு கண்ணாடி கூடும், அவ்வளவுதான்.

அடுத்தது அந்த ஊர் வழக்கம். பூட்டாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லாமல் விடுவது. கேட்கும்போது வயிற்றைக் கலக்கும். வண்டியையே ஓட்டிக்கொண்டு போய்விட்டால்? சாவி நம்மிடம் இருக்கிறது. போதாததற்கு, தீவில் பெரிய ஊர் ஒன்றே ஒன்று, மொத்தச் சாலையையும் ஒரே நாளில் சுற்றிவிடலாம், வாடகை பிக்கப்பை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது? வருகிறவர்களுக்கு வண்டி மேல் ஆசை இல்லை, உள்ளே இருப்பதன் மேல்தான். இரண்டாவது முறை போனபோது இதை வரி பிசகாமல் கடைப்பிடித்தோம். பிங்க் பீச் என்ற இடத்தில் ஒருநாள் ஏறி வந்து பார்த்தால் டேஷ்போர்டுப் பெட்டி வாய் திறந்து தொங்கியது, இருக்கையின் முதுகு முன்னால் சாய்க்கப்பட்டிருந்தது, வாடகைக் காகிதத்தின் நகல் இருக்கை மேல் கிடந்தது. தண்ணீர்க் கேன் அப்படியே இருந்தது, பழைய துண்டு இரண்டும் இருந்தன. யாரோ வந்து, தேடி, கிடைக்காமல் போயிருக்கிறார்கள். என் மனைவி பெட்டியைத் தட்டி மூடிவிட்டு, "அடுத்தது எங்கே?" என்று கேட்டாள். முதல் முறை ஒன்றரை நாளைத் தின்ற அதே சம்பவம் இரண்டாவது முறை பத்து விநாடியில் முடிந்துவிட்டது. மூன்றாவது முறையும் இதையேதான் செய்தோம், யாரும் தொடக்கூட இல்லை.

ஆனால் 'ஒன்றுமே இல்லாமல்' என்பதை அரைகுறையாகச் செய்தால் பயனில்லை. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கொஞ்சம்தானே, ஒரு இருபது டாலர்தானே, மதியம் சாப்பிடவேண்டாமா என்று ஒரு சின்னப் பர்ஸ் மட்டும் பாய்க்கு அடியில் போகும். வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பாய்க்கு அடியில்தான். அது கிடைத்துவிட்டால் இன்னும் இருக்கும் என்று எல்லாவற்றையும் கிளறுவார்கள். வண்டியில் இருக்கலாம் என்று நான் ஒத்துக்கொள்வது தண்ணீர், போனால் போகட்டும் என்கிற துண்டு, தேய்ந்த செருப்பு, பழங்கள், வாடகைக் காகிதத்தின் நகல். மாற்றுச் சட்டை கூட வேண்டாம், ஈரத்தோடு திரும்பி வாருங்கள், அந்த வெயிலில் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். பாஸ்போர்ட்டை அறையின் பெட்டகத்திலிருந்து விமான நிலையம் போகும் நாள் வரை எடுக்கவே எடுக்காதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும், அந்தத் தீவில் நம் தூதரகம் கிடையாது. ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கின்றனவா என்று வண்டி வாங்கும்போதே பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது பேச்சு வராது.

இந்த வழிக்கு விலை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு வேளையும் சாப்பிட, போன் பார்க்க, கேமராவுக்குப் பேட்டரி மாற்ற அறைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். தெற்குப் பக்கம் என்றால் பரவாயில்லை, இருபது நிமிடம், அரை மணி நேரம். வடக்கே போனால் கணக்கு மாறிவிடும். ஆயிரம் படியைத் தாண்டிக் கர்பாட்டா வரை சாலை ஒருவழி, போனவர் ரிங்கோன் ஊரைச் சுற்றித்தான் திரும்ப முடியும். நாள் முழுக்க வடக்கே இருக்கலாம் என்று திட்டம் போடும்போதுதான், சரி எல்லாவற்றையும் வண்டியிலேயே போட்டுக்கொள்வோம் என்ற ஆசை வரும். நாங்கள் வடக்கை இரண்டு டைவோடு முடித்து, மதியம் அறைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மாலை பக்கத்தில் எங்காவது இறங்குவதாக வைத்துக்கொண்டோம். நாளுக்கு ஒரு டைவ் குறைந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை.

சரி, வண்டியிலும் வைக்கக்கூடாது, அறையிலும் விடமுடியாத பொருள்கள் சில இருக்கின்றனவே? லைசென்ஸ், வண்டிச் சாவி, கொஞ்சம் பணம். இதற்கு மூன்றாவது வழி, கூடவே தண்ணீருக்குள் கொண்டுபோவது. மூடி திருகிய சின்ன உலர்குப்பி டைவ் கடைகளில் கிடைக்கும், ஒரு லைசென்ஸும் மடித்த நோட்டும் அதில் அடங்கும். வாங்கும்போது எத்தனை மீட்டருக்கு என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். கடற்கரைக் குளியலுக்கு விற்கும் குப்பியும் பிளாஸ்டிக் பையும் டைவுக்குத் தாங்காது, பதினெட்டு மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதுபோல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மூடியில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள், ஒரு தலைமுடி, ஒரு மணல் இருந்தாலே தண்ணீர் ஏறிவிடும். கரையில் காற்றடிக்கும் மணலில் நின்றுகொண்டு திறந்து மூடுவதைவிட, அறையிலேயே மூடிக்கொண்டு வருவது நல்லது.

சாவி விஷயம் தனி. வெறும் உலோகச் சாவி என்றால் பிசிடி (உடம்பில் அணியும் மிதவை ஜாக்கெட்) பையில் கொக்கியில் மாட்டிக்கொண்டு இறங்கிவிடலாம், உப்புத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, அன்றிரவு நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். பொத்தான் வைத்த ரிமோட் சாவி என்றால் செத்தது. வண்டியை முன்பதிவு செய்யும்போதே உலோகச் சாவி உள்ள வண்டி கேளுங்கள், டைவர்களுக்கு வாடகை விடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சாவியை டயர் மேல் வைப்பது, கல்லுக்கு அடியில் வைப்பது எல்லாம் வேண்டாம். புதருக்குள்ளிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் குனிந்த இடம் எது என்று அவருக்குத் தெரியும்.

போனைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், இங்கே திருட்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல போனை அறையில் விட்டுவிட்டு, ஆளில்லாத தெற்குக் கரையில் இரண்டே பேர் டைவ் அடித்து, ஏறி வரும்போது ஒருவருக்கு மூச்சுத் திணறல் அல்லது கை மரத்துப்போதல் என்றால் யாரைக் கூப்பிடுவது, எதில் கூப்பிடுவது? தீவில் 912 அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும், டைவ் அடித்து ஏறும்போது வரும் கோளாறுக்கான அழுத்தச் சிகிச்சை அறையும் அங்கேயே இருக்கிறது, ஆனால் அழைக்க ஒரு கருவி வேண்டும். தண்ணீர் புகாது என்று விற்கும் போன்கள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்துக்கு, நல்ல தண்ணீரில், அரை மணி நேரத்துக்குச் சோதிக்கப்பட்டவை, அதை நம்பிப் பையில் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். நாங்கள் செய்வது, பொத்தான் வைத்த மலிவான பழைய போன் ஒன்றில் அங்கே எடுக்கும் சிம்மைப் போட்டு, சார்ஜ் ஏற்றி, வண்டியில் அழுக்குத் துணியில் சுற்றி வைத்துவிடுவது. அதைத் திருடினால் திருடட்டும், இருபது டாலர். வண்டியில் எதுவுமே வைக்காதே என்று மேலே சொன்ன விதிக்கு நான் ஒத்துக்கொள்ளும் ஒரே விலக்கு இது. இதையும் போய்விடும் பொருள் என்று முடிவு செய்துதான் வைக்கிறேன். பணமிருந்தால் ஆழத்துக்குத் தாங்கும் உறைக்குள் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கலாம், இன்னும் நல்லது.

நாலாவது வழி, ஒருவரைக் கரையில் காவலுக்கு விடுவது. இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. டைவ் தெரியாத மனைவியையோ, வயதுக்கு வந்த மகளையோ, அம்மாவையோ வண்டிக்குள் உட்காரவைத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நிழலே இல்லாத கரையில் ஒரு மணி நேரம், ஆளரவம் இல்லாத சாலையில், தனியாக. வண்டியில் யாரும் இல்லாதபோது நடப்பது பொருள் திருட்டு. ஆள் இருக்கும்போது என்ன நடக்கும் என்று யார் சொல்வது? ஒரு போனுக்காக வீட்டு ஆளை அந்த இடத்தில் வைப்பது எந்தக் கணக்கிலும் வராது. டைவ் தெரியாதவர்கள் கூட வந்திருந்தால் ஆள் நடமாட்டமுள்ள கடற்கரை ஒன்றில் அவர்கள் குளிக்க, நீங்கள் அதே இடத்தில் இறங்குங்கள். இன்னொரு வகை, ஜோடியில் ஒருவர் இறங்க ஒருவர் வண்டியைப் பார்ப்பது, பிறகு மாற்றிக்கொள்வது. அது இரண்டு தனி டைவ். துணையில்லாமல் இறங்காதே என்று முதல் நாள் வகுப்பில் படித்ததை ஒரு பர்ஸுக்காக மறக்கிறோம்.

ஐந்தாவது, வண்டியே வேண்டாம் என்று அறைக்கு முன்னாலேயே இறங்குவது. இதைப் பலரும் இளப்பமாக நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. பொனேரில் கடலோரத் தங்குமிடங்கள் பலவற்றுக்கும் முன்னால் படகுத்துறையும் அதற்குக் கீழே பவளப்பாறையும் உண்டு. பாரி ரீஃப் என்பது அப்படி ஒரு தங்குமிடத்துக்கு முன்னால் இருக்கும் இடம்தான், 300-க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. உடுப்புகளைப் பூட்டும் அலமாரி துறையிலேயே இருக்கும், போன் அறையில், சாவி வரவேற்பில். இரவு டைவுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. இருட்டில் நெடுஞ்சாலையோரம் வண்டியை விட்டுவிட்டு இறங்குவதை நான் இனி செய்யமாட்டேன், ஆனால் துறையில் இறங்கினால் ஆளுயரத் தார்ப்பன் மீன்கள் நம் டார்ச் வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டு தோளுக்குப் பக்கத்தில் வந்து வேட்டையாடும், முதல் தடவை நெஞ்சு அடித்துக்கொள்ளும். குறை என்ன என்றால் ஒரே இடம். ஏழு நாளும் அதே சரிவு என்றால் நாலாம் நாள் அலுக்கும், ஹில்மா ஹூக்கர் கப்பலைப் பார்க்காமல் பொனேரிலிருந்து திரும்புவதா என்று மனம் கேட்கும். 1984 செப்டம்பரில் மூழ்கிய 72 மீட்டர்க் கப்பல், பக்கவாட்டில் சாய்ந்து முப்பது மீட்டரில் மணலில் கிடக்கிறது. அதற்குக் கரையிலிருந்தே நீந்திப் போகலாம், ஆக வண்டி வேண்டும். அங்கே எப்போதும் ஏழெட்டு வண்டிகள் நிற்கும், கூட்டம் இருக்கிறதே என்று நம்பி எதையும் உள்ளே வைக்காதீர்கள். எந்த வண்டி யாருடையது என்று யாருக்கும் தெரியாது, ஒருவர் சாவகாசமாகக் கதவைத் திறந்து குடைந்தாலும் பக்கத்து வண்டிக்காரர் சொந்தக்காரர் என்றுதான் நினைப்பார்.

படகு. க்ளைன் பொனேர் என்று எதிரிலேயே ஆளில்லாத குட்டித் தீவு, அதைச் சுற்றியுள்ள இடங்களுக்கு வழக்கமாகப் படகில்தான் போவார்கள். படகில் நம் பை உலர்ந்த இடத்தில், ஓட்டுநர் கண் முன்னால் இருக்கும். திருட்டுப் பயம் அங்கே இல்லவே இல்லை. காசு கூட, நேரம் அவர்களுடையது, கூட்டம் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் படகு வைத்துக்கொண்டால் கேமரா எடுத்துப்போகும் நாளாகவும் அது அமைந்துவிடுகிறது, நாங்கள் மூன்றாவது முறை அப்படித்தான் செய்தோம்.

திருட்டுக்குப் பயந்து ஊரையே மாற்றலாமா என்றும் ஒருவர் கேட்டார். மாற்றலாம், ஆனால் எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும். பக்கத்துத் தீவான குராசோவில் வண்டியை உடைப்பது இல்லை என்று நினைக்காதீர்கள், அங்கேயும் உண்டு. ஆனால் போர்ட்டோ மாரி, காஸ் அபாவ் போலக் கட்டணம் வாங்கி உள்ளே விடும் கடற்கரைகள் அங்கே இருக்கின்றன, வாசலில் ஆள், உள்ளே உணவகம், டைவ் கடை. அந்த மாதிரி இடங்களாகப் பார்த்து இறங்கினால் மனம் நிம்மதியாக இருக்கும். எகிப்தின் தஹாபில் முறையே வேறு. வழிகாட்டியோடு பொது வண்டியில் போய், கடலோரச் சாப்பாட்டுக் கடையில் பையை வைத்துவிட்டு இறங்கி, ஏறி வந்து அங்கேயே டீ குடிப்பது. பாலித் தீவின் துலாம்பெனில் கற்கள் நிறைந்த கரைக்கு எதிரிலேயே தங்கும் விடுதிகள், உள்ளூர்ப் பெண்கள் சிலிண்டரைத் தலையில் சுமந்து கொண்டுவந்து வைப்பார்கள், ஊர்க்காரர்களின் பிழைப்பே அந்தக் கரையில் நடப்பதால் எப்போதும் நாலு கண் இருக்கும். சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்குத் துலாம்பென் செலவும் குறைவு, தூரமும் குறைவு. ஆனால் இந்த மூன்றிலும், நினைத்த நேரத்தில் நினைத்த மஞ்சள் கல்லில் நிறுத்தி இருவர் மட்டும் இறங்கும் அந்தச் சந்தோஷம் இல்லை. அது வேண்டுமென்றால் பொனேர்தான்.

ஆக, என்னிடம் யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து என் பதில் மாறும். இப்போதுதான் சான்றிதழ் வாங்கி இருபது டைவ் கூட முடிக்காதவர்கள் முன்துறை உள்ள தங்குமிடத்தில் போய் இருங்கள், வண்டியை இரண்டு நாளுக்கு மட்டும் எடுங்கள். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் அதே பதில்தான். விலை உயர்ந்த கேமராவோடு போகிறவர்கள் அதைத் தண்ணீருக்குள் எடுத்துப்போகும் டைவுக்கு மட்டும் அறையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள், அடுத்த டைவுக்காக வண்டியில் காத்திருக்கும் கேமரா உங்களுடையது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போல நாலைந்து வருடமாக அடிக்கிற இருவர் என்றால் வண்டியைத் திறந்து, காலியாக விடுங்கள், வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. முதல் முறை அந்தத் திருட்டுக்கு மறுநாள், புது வண்டியில், பழக்க தோஷத்தில் மறுபடியும் ஒரு பர்ஸை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு இறங்கிவிட்டேன். பதினெட்டு மீட்டரில் ஒரு பருந்தலகு ஆமை கடற்பஞ்சைக் கொத்திக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது, என்னிடமிருந்து கைக்கெட்டும் தூரம். நான் அதைப் பார்க்கவில்லை, கரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி இரண்டு முறை சரியா என்று கைகாட்டிக் கேட்டாள். அன்று மேலே ஏறும் வழியில் பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் நிற்க வேண்டிய மூன்று நிமிடத்தையும் சுருக்கிவிட்டு ஏறியிருக்கிறேன், ஒரு வண்டி நின்ற சத்தம் கேட்டது மாதிரி இருந்ததால். வேறு யாரோ டைவர்கள். பர்ஸ் பத்திரமாக இருந்தது. ஆமையை அவள் எனக்குப் படத்தில்தான் காட்டினாள். நஷ்டம் நடந்தால்தான் நஷ்டம் என்றில்லை, மேலே ஒரு பொருளை வைத்துவிட்டு இறங்கினாலே டைவில் பாதி போய்விடுகிறது. வண்டி காலியாக இருந்தால் மேலே எந்தச் சத்தம் கேட்டாலும் நம் வேலையை நாம் பார்க்கலாம்.

இன்னும் ஒன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கடைசி நாள். விமானம் ஏறுவதற்கு முன் பதினெட்டு மணி நேரமாவது, நாங்கள் இருபத்துநாலு வைத்துக்கொள்கிறோம், டைவ் அடிக்கக்கூடாது என்பதால் அன்று சும்மா ஊர் சுற்றுவோம். அறையைக் காலையிலேயே காலி செய்திருப்போம். பாஸ்போர்ட், போன், கேமரா, லேப்டாப், கழுவிக் காயவைத்த டைவ் சாமான்கள், ஒரு வாரம் கண்ணும் கருத்துமாக அறையில் பூட்டிவைத்த அத்தனையும் அன்று பிக்கப்பின் பின்னால் கிடக்கும். அதோடு உப்பளம் பக்கம் போய் நிறுத்தி, உப்பளத்தில் வேலை செய்த அடிமைகளின் பழைய குடில்களைப் பார்த்துவிட்டு, பூநாரைகள் தெரிகின்றனவா என்று கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று தோன்றும். மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில்தான் நிறுத்தியிருப்போம், நாம் டைவ் அடிக்கவில்லை என்பது வருகிறவர்களுக்குத் தெரியாது. கிளம்பும் முன் தங்குமிடத்தில் கேளுங்கள், பைகளை மாலை வரை ஒரு அறையில் பூட்டி வைத்துக்கொள்ள முடியுமா என்று. எங்களுக்கு ஒருமுறை கூட மாட்டேன் என்று சொன்னதில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் கழுத்துப் பையில் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, காலி வண்டியில் போய்ப் பூநாரை பாருங்கள்.